உயிரின் மேல் ஒரு புள்ளி

ஒரு ஊரில், கல்லுக்கெல்லாம் வாய் இருந்து மனுசனுக்குக் காது மட்டும் இருந்த காலத்தில், ஒருத்தன் இருந்தானாம், அவன் வாயைத் திறந்தால் வருவது ஒரே எழுத்துதானாம், ம். தாத்தா இப்படித்தான் தொடங்குவார், இல்லை, இப்படித் தொடங்கினார் என்று நானாக இப்போது வைத்துக்கொள்கிறேனோ, கரன்ட் போன பேக்டரியில் ஒரு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தக் கதை யார் சொன்னது என்று பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் அந்த ம் என்னுடையது, அதில் சந்தேகமே இல்லை. கதை சொல்ல ஒரு ஆள் இருந்தால் ம் கொட்ட ஒரு ஆள் வேண்டும், ம் நின்றால் கதையும் நின்றுவிடும், அண்ணன் பாதியில் தூங்கிவிடுவான், தங்கச்சி ராஜா வேட்டைக்குப் போகும் முன்பே தூங்கிவிடுவாள், ராஜா திரும்பி வரும்வரை ம் கொட்டிக்கொண்டு கிடந்தவன் நான்தான். அதனால்தானோ என்னவோ ஆள் வளர்ந்தும் வாயில் வேறு எழுத்து லேசில் வருவதில்லை. ருத்ரப்பண்ணன், எங்கள் போர்மேன், நான் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டார், "திம்மராயன்னு எதுக்குடா இவ்ளோ நீளமா பேரு, முன்னாடி இருக்கிற தி-ய எடுத்துட்டா மிச்சம் உனக்குச் சரியா இருக்கும்." அன்றிலிருந்து நான் ம்மராயன். ஏய் ம்மராயா, ஸ்டென்சில் ஒட்டிட்டியா? ம். சோறு துன்னுட்டியா? ம். உங்கூட பேசுறதுக்கு அந்த கம்ப்ரஸர் கூட பேசலாம்டா. ம். புள்ளி வைத்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று எட்டாம் வகுப்பில் தமிழய்யா பலகையில் எழுதி அடிக்கோடு போட்டார், வந்துவிட்டதே ஐயா, என் பெயரிலேயே வந்து உட்கார்ந்துகொண்டதே என்று அப்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு என் பிழைப்பு அந்த ஒரு புள்ளியின் மேல்தான் நிற்கிறது. ஒன்று இல்லை, மூன்று. மூன்று புள்ளி, கடுகளவு ஒவ்வொன்றும், கறுப்புக் கல்லில், யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், நேற்று என் கையால் நான் வைத்தது.

கரன்ட் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். அறுவை மிஷின் நின்றதும் காதுக்குள் ஒரு கிணறு வெட்டினதுபோல இருக்கிறது, குழாயடியில் தண்ணீர் சொட்டுவது இங்கேவரை கேட்கிறது. பதினொன்றரைக்கு அந்த மேடம் வந்துவிடுவார் என்று மேனேஜர் செல்வின் சார் சொல்லிவிட்டுப் போனார், கார் பெங்களூரில் கிளம்பிவிட்டது, ஓசூர் தாண்டிவிட்டது, கடைசியாகப் போன் வந்தபோது சூளகிரி. எங்களிடம் கல் வாங்குகிறவர்கள் இங்கே வருவதே கிடையாது. கிருஷ்ணகிரிக்கு வெளியே இந்தத் தகரக் கொட்டகையில் நாங்கள் அறுத்து, பாலிஷ் போட்டு, எழுத்து வெட்டி, மரப்பெட்டியில் ஆணி அடித்து அனுப்புகிற கல்லெல்லாம் கப்பலேறிப் போய் ஏதோ ஒரு குளிர் ஊரில் யாரோ ஒருவருடைய கல்லறைத் தலைமாட்டில் நிற்கும். வெட்டுகிற எங்களுக்குப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிந்தவர்களுக்கு எங்களைத் தெரியாது, அது ஒரு சௌகரியம். இந்த மேடம், இரினி என்று பெயர், எகிப்துக்காரர், ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருக்கிறார், பெங்களூருக்கு வேறு வேலையாக வந்தவர் அப்பாவின் கல்லைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டிருக்கிறார். கண்ணால். அந்த வார்த்தையிலேயே நேற்றிலிருந்து சிக்கிக்கொண்டிருக்கிறேன். போட்டோவில் பார்த்தால் மூன்று புள்ளி தெரியாமல்கூடப் போகலாம், கண்ணால் பார்த்தால் தெரியும். காலையில் ருத்ரப்பண்ணனுக்கே தெரிந்துவிட்டதே. துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டே வந்தவர் அந்தக் கீழ்வரியில் விரல் தட்டி நின்றார். "யாருடா வெச்சது இது?" நான் கிரைண்டர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன். "ஸ்டென்சில்ல இல்லியே. மறுபடியும் புள்ளியாடா? ஏண்டா, உனக்கு புள்ளி வெக்காத கல்லே புடிக்காதா? வாசல்ல கோலம் போடுற பொம்பளைங்ககூட இவ்ளோ புள்ளி வெக்க மாட்டாங்கடா." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சாரு பாத்தா இந்த தபா உன்ன எழுத்துலேர்ந்து எடுத்துருவாரு, ஆமா சொல்லிட்டன்." எழுத்திலிருந்து எடுப்பது என்றால் மறுபடி அறுவைக்கு, சேறும் தண்ணீருமாக முழங்கால்வரை நின்று பாறையை நகர்த்துகிற வேலைக்கு. அதில் கேவலம் ஒன்றும் இல்லை, இரண்டு வருஷம் நின்றவன்தான். ஆனால் எழுத்தைத் தொட்ட கைக்கு அப்புறம் வெறும் கல் போதாது.

மறுபடியும் என்று அவர் சொன்னது குழாயடிக் கல்லை. தினமும் அதில் நின்றுதான் கால் கழுவுகிறேன், தினமும் கட்டைவிரல் அந்தப் புள்ளிகளில் போய் மோதுகிறது. போன வருஷம், ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டிய கல், இதே எழுத்து, அப்போது அது என்ன எழுத்து என்றே எனக்குத் தெரியாது, பாதி இங்கிலீஷ் மாதிரி பாதி வேறு மாதிரி, கொக்கி ஒன்று, பாம்பு ஒன்று, சிலுவை மாதிரியே ஒன்று, அதைச் சிலுவைதான் என்று நினைத்து நடுவில் தள்ளிவைக்கப் பார்த்தேன், நல்லவேளை வைக்கவில்லை. எழுத்து வெட்ட கம்ப்ரஸர் காற்றில் மணல் அடிக்கும்போது கல்மேல் ஒட்டின ரப்பர் ஸ்டென்சில் ஒரு வரி பிய்ந்துவிட்டது. புதுசு வர மூன்று நாளாகும், நீ நல்லா வரைவியே, பேப்பர்ல இருக்கிறத பாத்து கையால வரைஞ்சிடு என்றார் ருத்ரப்பண்ணன். பார்த்தேன். ஒரு சில எழுத்தின் தலையில் புள்ளி இருந்தது, பலதில் இல்லை. எது எங்கே என்று ஜெராக்ஸில் சரியாகத் தெரியவில்லை. மெய்யெழுத்து எது உயிரெழுத்து எது என்பதை மட்டும் ஒரு மாதிரி ஊகித்துவிட்டேன், ஊகித்ததும் கை தானாக ஓடிவிட்டது. பக்கத்தில் உயிர் இல்லாமல் தனியாக நிற்கிற மெய் எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து வைத்த கை அது, க்-கும் ச்-சும் மொட்டையாக நின்றால் அதற்குத் தாங்காது. பதினொரு புள்ளி. வேறு எந்த நாட்டுக்காரன் அந்தக் கல்லை வரைந்திருந்தாலும் ஒன்றிரண்டை விட்டிருப்பான், இல்லை தப்பான இடத்தில் வைத்திருப்பான், இப்படி ஒழுங்காக, இலக்கண சுத்தமாக, பதினொரு தப்பு செய்ய ஒரு தமிழனால்தான் முடியும். போட்டோ அனுப்பினோம், அங்கிருந்து திரும்பி வந்தது, பதினொரு சிவப்பு வட்டம் போட்டு, வீணான கல் குழாயடிக்கு மிதிகல்லாகப் போனது. போட்டோவுக்குக் கீழே ஒரு வரி. செல்வின் சார் அதைப் படித்துக் காட்டவில்லை, எனக்குப் படிக்க முடிகிற அளவு இங்கிலீஷ் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் அம்மாவின் பெயருக்கு அம்மை போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

அந்த வரியைச் சுமந்துகொண்டுதான் ரவுண்டானாகிட்டே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அதற்கு முன்னால் போனில் பத்து ராத்திரி தேடினேன், அது காப்டிக் என்று ஒரு மொழி, பழைய எகிப்து பேசினது, இப்போது வீட்டில் யாரும் பேசுவதில்லை, அங்கே இருக்கிற கிறிஸ்தவர்கள் கோயில் பூசையில் மட்டும் சொல்கிறார்கள். அறிமுகப் புத்தகம் ஒன்று கிடைத்தது, இருபத்துநாலு பாடம், அச்சுப் போட்டு ஸ்பைரல் குத்தி நீல அட்டை வைத்துக் கொடுத்தான் கடைக்காரன், "என்ன கோர்ஸ்ணா இது, கவர்மென்ட் எக்ஸாமா?" ம் என்றேன். அதைப் படிப்பதற்கு முதலில் இங்கிலீஷைப் படிக்கவேண்டி இருந்தது, ஐடிஐ இங்கிலீஷ் அதற்குப் போதவில்லை, ஆக ஒரு மலையைத் தாண்டி இன்னொரு மலை. மனிதன் வீட்டில் இருக்கிறான். பெண் மனிதனைக் கண்டாள். தண்ணீர் எங்கே. பயிற்சி ஏழில் இப்படி முப்பது வாக்கியம், விடை எங்கேயும் கிடையாது, சரியா தப்பா என்று சொல்ல ஆள் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் காது வழியாக வந்தது, தமிழ், தெலுங்கு, கன்னடத்தில் கெட்ட வார்த்தை, தாத்தாவின் ராஜாக்கள், எல்லாம் யாரோ ஒருவர் வாயிலிருந்து. இது ஒன்றுதான் ஒரு வாயையும் பார்க்காமல் கண் வழியாக வந்த மொழி. எப்படி ஒலிக்கும் என்று தெரியாமலே அறுவை மிஷின் சத்தத்துக்குள் உதட்டை அசைத்துப் படித்தேன், நம் மிஷின் ஓடினால் பக்கத்தில் இருக்கிறவனுக்குக்கூடக் கேட்காது, மெதுவாகப் பேசுகிறவனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. இரண்டாம் பாடத்திலேயே புள்ளி வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்குச் சாப்பிடவில்லை. நம் ஊரில் புள்ளி வைத்தால் உயிர் போய்விட்டது என்று அர்த்தம், வெறும் மெய். அங்கே நேர்மாறு. மெய்யின் மேல் புள்ளி வைத்தால் அதற்கு முன்னால் ஒரு சின்ன எ வந்து ஒட்டிக்கொள்ளும், ம் என்று இருப்பது எம் ஆகும், செத்தது எழுந்து உட்காரும். அதைவிட அதிசயம், உயிரெழுத்தின் மேலேயே புள்ளி வைக்கிறார்கள், தனியாக ஓர் அசையாக நிற்கிற உயிருக்கு. நீ யாரோடும் ஒட்டவில்லை, தனியாகத்தான் நிற்கிறாய், ஆனாலும் உன்னைச் சொல்லத்தான் வேண்டும் என்று அதன் தலையில் ஒரு பொட்டு. எனக்கு அந்தப் புள்ளியைப் பிடித்துப்போய்விட்டது. வெட்கத்துக்காகத் தொடங்கியவன் அதற்கப்புறம் வெட்கத்தை மறந்துவிட்டேன்.

இப்போது கேள்வி இதுதான், இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன், செக்கு மாடு மாதிரி: நேற்று அந்த மூன்று புள்ளியை வைத்தது புத்தகம் படித்த கையா, ஒன்றாம் வகுப்புக் கையா? ஆர்டரோடு வந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அவருடைய அப்பா கையால் எழுதின ஒரு வரி, ஏதோ பழைய புத்தகத்தின் முன்பக்கம், பக்கம் முழுக்கப் பூஞ்சைப் புள்ளி, எண்ணினால் இருபதுக்கு மேலே. நடுவில் யாரோ கம்ப்யூட்டரில் சுத்தம் செய்தபோது எல்லாப் புள்ளியையும் அழுக்கு என்று துடைத்துவிட்டார்கள், ஸ்டென்சில் மொழுமொழுவென்று வந்தது. மணல் அடித்து முடித்து ரப்பரை உரித்த பிறகுதான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். வரியை வாசித்தேன். வாசித்தேன் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறேன், கொட்டகையில் நாற்பது பேர், இந்த ஜில்லாவில் எத்தனை லட்சம் பேர், அவர்களில் அந்த வரியை வாசிக்க நான் ஒருவன்தான் இருந்தேன், நெஞ்சு ஒரு அடி மேலே ஏறி நின்றது, யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு நானே ம் கொட்டிக்கொண்டேன். இருபது அழுக்கில் மூன்று அழுக்கில்லை என்று தெரிந்தது. முதல் சொல்லின் தலையில் இருக்கிற ம்-மின் மேல் ஒன்று. அந்தச் சொல்லின் கடைசி இ-யின் மேல் ஒன்று. அடுத்த சொல்லின் முதல் எ-யின் மேல் ஒன்று. சின்ன கிரைண்டரை எடுத்தேன், மூச்சைப் பிடித்தேன், வைத்தேன். கல்லில் வைத்ததை அழிக்க முடியாது. தமிழ்க் கை வைத்ததா? தமிழ்க் கை உயிருக்குப் புள்ளி வைக்காதே, செத்தாலும் வைக்காது. இ-க்கு மேலே புள்ளி வைத்தால் தமிழய்யா பிரம்பை எடுத்துவிடுவார். அப்படியானால் இரண்டு புள்ளி புத்தகத்தின் புள்ளி, சரி. மிச்சம் அந்த ம். அது சந்தேகம். அது பழக்க தோஷமாக இருக்கலாம். ஆனால், இரு, அது சொல்லுக்கு முதலில் நிற்கிறது. சொல்லுக்கு முதலில் ஒற்று வராது, அதே தமிழய்யா, அதே பலகை, அதே அடிக்கோடு. என் கையைச் சும்மா விட்டிருந்தால் அது அந்த ம்-மைப் பார்த்து மிரண்டிருக்கும். ஆக மூன்றையும் வைத்தது நான் பிறந்த பழக்கத்துக்கு எதிராகத்தான், மூன்றையும் வைத்தது படித்தவன். இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் மறுபடி மார்பு நிமிர்கிறது. நிமிர்ந்ததும் மறுபடி குழாய் சொட்டுகிறது, பதினொரு வட்டம், அம்மை போட்ட பெயர், மறுபடி முதலிலிருந்து. இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, புள்ளியைவிடப் பெரிய பயம், அதை நான் இன்னும் தொடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்பது. அது கல்லறையில் எழுதுகிற வரி மாதிரி இல்லை.

கார் வந்துவிட்டது. தூசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே வந்தவருக்கு ஐம்பது வயசு இருக்கும், குட்டையான முடி, தோளில் துணிப்பை, நம் ஊர் வெயிலைத் தெரிந்தவர் மாதிரி நிழல் பார்த்து நடந்தார். செல்வின் சார் பின்னால் குடை பிடிக்காத குறையாக. ருத்ரப்பண்ணன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு, "ம்மராயா, கல்லுக்கு ரெண்டு பக்கமும் புடிச்சுக்கோ, வாய மட்டும் தொறந்துராத, அது உனக்குக் கஷ்டமில்ல" என்றார். மேடம் கல்லுக்கு முன்னால் நின்றார். மேலே பாகோம், அவருடைய அப்பாவின் பெயர், அந்த எழுத்திலேயே. கீழே வருஷங்கள். அதற்குக் கீழே அந்த வரி. கல்லில் அவர் முகமே தெரிந்தது, எழுத்து முகத்துக்கு நடுவில் ஓடியது. அப்புறம் விரலை நீட்டினார், நேராகப் புள்ளிக்கு. "இது என்ன?" இங்கிலீஷில்தான், ஆனால் அந்தக் கேள்வி எனக்குத் தமிழில் கேட்டது. செல்வின் சார் குனிந்து பார்த்தார், அவர் கழுத்து சிவப்பதை நான் பார்த்தேன். "மேடம், அது ஒரு சின்ன... பாலிஷ் போட்டா போயிரும்... திம்மராயா, என்ன இது?" நான் வாயைத் திறந்தேன், வந்தது ம் கூட இல்லை. மேடம் துணிப்பையைத் திறந்து ஒரு பழைய சின்னப் புத்தகத்தை வெளியே எடுத்தார், ஜெப புத்தகம், அம்மாவுடையது என்றார், முதல் பக்கத்தைப் பிரித்துக் கல்லின் பக்கத்தில் வைத்தார். பூஞ்சை எல்லாம் பழுப்பு. மூன்று புள்ளி மட்டும் நீலம். மை. அவர் விரல் புத்தகத்தில் ஒன்று, கல்லில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று, கல்லில் ஒன்று என்று மூன்று தரம் போய் வந்தது. "நீங்கள் அனுப்பின ஸ்டென்சில் போட்டோவில் இது இல்லை. புள்ளி இல்லாமல் அப்பாவின் கையெழுத்து மாதிரியே இல்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன். யார் வைத்தது?" ருத்ரப்பண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "நம்ம பையன்தான் மேடம், நான்தான் சொன்னேன் நல்லா பாத்து வெய்யின்னு" என்றார். சார் அதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லும்போது அவரும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். எனக்குக் கோபமே வரவில்லை, உள்ளே மூன்று விளக்கு ஏற்றினாற்போல இருந்தது, இரண்டு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஒன்று மிஞ்சும்.

அதோடு விட்டிருக்கலாம். மேடம் என்னைப் பார்த்து, "இந்த இருபதில் இந்த மூன்றை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்றார். வாசித்தேன் என்றேன். இங்கிலீஷில் ஒரு சொல், அதையும் மெதுவாக. அவருக்குக் கேட்கவில்லை, காதை நீட்டினார். "வாசித்தேன் மேடம்." அவர் முகம் மாறிவிட்டது. எனக்கே வாசிக்கத் தெரியாது என்றார், எங்கள் கோயிலில் அந்தச் சொற்களை அரபி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிப்போம், வீட்டில் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும், அம்மா செத்ததற்கு மறு வாரம் இதை எழுதினார், ஏதோ ஜெபம் என்று நினைத்து நான் கேட்கவே இல்லை. "என்ன ஜெபம் இது?" செல்வின் சாரின் கண் என்மேல் விழுந்தது, நன்றாக விழுந்தது, கல் பெட்டிக்குப் போகும்வரை வாயை மூடு என்று அதில் எழுதியிருந்தது, அதை வாசிக்க எந்தப் புத்தகமும் வேண்டாம். ஜெபம்தான் மேடம், சாந்தி, அது மாதிரி, என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கல் கப்பலேறும், நான் எழுத்திலேயே இருப்பேன், அந்த அம்மாள் ஹாம்பர்க்கில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இல்லாத ஒரு ஜெபத்துக்கு முன்னால் நிற்பார். படிக்கத் தெரியாத காலத்தில் நான் செய்த பொய் பதினொரு புள்ளி, அது மன்னிப்புக்குள் வரும். படித்தபிறகு சொல்கிற பொய் எதில் சேர்த்தி? நான் கல்லுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டேன். விரலை முதல் சொல்லில் வைத்தேன். எம்பாத், என்றேன், இது பதினேழாம் பாடம், இதற்கு இன்னும் இல்லை என்று அர்த்தம். ம் என்றார் மேடம். எஃப், இது அவர், ஆண். ம். இ, தனியாக நிற்கிறது, அதனால்தான் புள்ளி, இது வருவது. ம். எபெஃபேய், அவருடைய வீட்டுக்கு. ம். நம் தமிழில் யார் வந்தது என்பதை வாலில் வைப்போம், வந்தார் என்று கடைசி எழுத்துவரை போனால்தான் ஆள் தெரியும், இவர்கள் வாலைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறார்கள், இன்னும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது. இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதி இங்கிலீஷ் பாதி தமிழ், செல்வின் சார் மாற்றிச் சொல்லாமல் நின்றுவிட்டார், ருத்ரப்பண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார், மேடம் மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் ம், ம். அப்போதுதான் உறைத்தது. என் ஆயுசில் முதல்முறையாக இன்னொருவர் எனக்கு ம் கொட்டுகிறார். "சேர்த்துச் சொல்" என்றார். சேர்த்துச் சொன்னேன். எங்கே அவனா அவரா என்று கொஞ்சம் தயங்கினேன், அந்த மொழியில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் செத்துப்போன பெரியவர். "அவர் இன்னும் வீடு வந்து சேரவில்லை."

குழாய் சொட்டியது. செல்வின் சார் தொண்டையைச் செருமி, "மேடம், அவன் சும்மா ஒரு புக் பாத்து படிச்சவன், எக்ஸ்பர்ட் கிடையாது, தப்பா இருக்கலாம்..." மேடம் கையை உயர்த்தினார், இரு என்று. கல்லைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார், கண்ணில் தண்ணீரோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "லிஸ்ஸா! லிஸ்ஸா!" என்று. எங்களுக்குப் புரியவில்லை. அது அரபி, இன்னும் இல்லை என்று அர்த்தம், எகிப்தில் எதற்கும் அதுதான் பதில் என்றார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பல் எஞ்சின் வேலை, ஒருநாள்கூட நேரத்துக்கு வீட்டுக்கு வந்தது கிடையாது, யார் போன் செய்து பாகோம் வந்துவிட்டாரா என்று கேட்டாலும் அம்மா சொல்வது லிஸ்ஸா, சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு லிஸ்ஸா, நான் தூக்கத்தில் கேட்டால் லிஸ்ஸா. "அம்மா போனபிறகு அவள் புத்தகத்தில் போய் எழுதி வைத்திருக்கிறார் பாருங்கள், அவள் சொல்லை, அவளுக்குத் தெரியாத எழுத்தில். ஆறு வருஷம் அவளை அங்கே காக்க வைத்துவிட்டுத்தான் போனார். குறும்புக்காரர்." ருத்ரப்பண்ணனுக்கு யாரும் மாற்றிச் சொல்லவேண்டி இருக்கவில்லை, "எங்கூட்லயும் அதே பாட்டுதான் மேடம்" என்றார். சிரிப்பு ஓய்ந்தது. மேடம் கல்லின் கீழ்ப்பக்கத்து வெற்றிடத்தைத் தடவினார், ஒரு சாண் இருக்கும். அம்மாவின் பக்கத்தில்தான் அவரைப் படுக்க வைத்திருக்கிறோம், என்றார் என்னிடம், என்னிடம் மட்டும். இனிமேல் அது லிஸ்ஸா இல்லையே. வந்துவிட்டார் என்று உன் மொழியில் எப்படிச் சொல்வது? உன் மொழியில் என்றார். அந்தச் சொல் தலையிலிருந்து பாதம்வரை இறங்கியது. அது என் மொழி இல்லை மேடம், உங்களுடையது என்று சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை, ஒரு நிமிஷம் அதை வைத்துக்கொண்டேன்.

ஏழாம் பாடம், இறந்தகாலம், புத்தகத்தில் முதலில் வருகிற காலம், அதைவிடச் சின்னது இல்லை. அ, எஃப், இ. அஃபி. கல்லில் எழுதுகிற மஞ்சள் பென்சிலை எடுத்தேன். படம் இல்லை, ஸ்டென்சில் இல்லை, பார்த்து வரைய யார் கையெழுத்தும் இல்லை, இதுவரை நான் வெட்டின ஆயிரம் வரியும் யாரோ எழுதினது, இது நான் எழுதுவது. அஃபி எபெஃபேய், அவர் வீடு வந்து சேர்ந்தார். எழுதினேன். மெய்களைப் பார்த்தேன், மொட்டையாக எதுவும் நிற்கவில்லை, நின்றிருந்தாலும் என் கை அசைந்திருக்காது. தனியாக நிற்கிற இ-யின் மேல் ஒரு புள்ளி. வீட்டுக்கு வழிவிடுகிற எ-யின் மேல் ஒரு புள்ளி. போதும். செல்வின் சார், "மேடம், கூட ஒரு வரின்னா மறுபடியும் அப்ரூவல்..." என்று தொடங்க, மேடம் சார் கையிலிருந்த பேப்பரை வாங்கிக் கல்லின்மேல் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சார் அதைப் பார்த்துக்கொண்டே ஆபீஸுக்குப் போனார். அந்த நேரம் பார்த்துக் கரன்ட் வந்தது, விளக்குகள் ஒவ்வொன்றாக, எங்கோ விசிறி, கம்ப்ரஸர் ஒருமுறை இருமி நின்றது. "ம்... திம்மராயா" என்றார் ருத்ரப்பண்ணன், தி-யைத் தேடி எடுத்து ஒட்டிக்கொண்டு, அப்படியே கம்ப்ரஸரைப் பார்க்கப் போய்விட்டார்.

மேடம் புத்தகத்தைத் துணிப்பையில் வைத்தார். இந்த மொழி முழுவதும் தெரிந்துவிட்டதா உனக்கு என்று கேட்டார். இன்னும் ஏழு பாடம் இருக்கிறது. அந்த மொழியில் அதற்கு ஒரே சொல், எம்பாதி, நான் இன்னும் இல்லை, அதில் நான் என்பதற்குத்தான் அந்தச் சிலுவை மாதிரி எழுத்து. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அவருக்குப் புரியாதே. "லிஸ்ஸா, மேடம்" என்றேன். சத்தமாக, மிஷின் தொடங்கிய பிறகும் கேட்கிற அளவு சத்தமாக. அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார், கல்லை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார், திரும்பி நடந்தார். குழாயடிக்குப் போய்க் கை கழுவக் காலை எடுத்து வைக்கப் போனவர் கீழே எழுத்தைப் பார்த்தார்போல, தூக்கின காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார், பதினொரு புள்ளிக்கும் மேலே. படிக்கத் தெரியாதவர். காலை இழுத்துக்கொண்டு, கல்லைச் சுற்றிப் போய் ஓரத்தில் சேற்றில் நின்று கையைக் கழுவினார், ஈரக்கையை உதறிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனார்.